தொட்டியில் ஓட்டிப் பார்க்காத மோட்டார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தம்பி மனைவி படகு மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். அதே நீலத் தார்ப்பாய், அதே கயிறு, மேலே மூன்று வருடத் தூசி. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி ஸ்டாண்டில் மாட்டினோம். அப்படியும் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போக உரிமம் வாங்கிவிட்டாளாம். ஏப்ரல் முதல் தேதி முதல் நடை. வேறு மோட்டார் பார்க்கலாமே என்றேன். "இது இருக்கும்போது எதுக்கு மாமா? நீங்க கை வெச்சா ஓடாதா?" என்றாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

மார்ச் 5

மோட்டாரின் மேலே சுற்றுகிற கனத்த சக்கரம், ஃப்ளைவீல், இறுகிப்போய் அசையவில்லை. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி வைத்தேன். ஊறட்டும். வெகுநாள் கிடந்த மோட்டாரை எடுத்த எடுப்பில் கயிற்றைப் பிடித்து இழுக்கிறவன் மெக்கானிக்கே இல்லை. இதை எத்தனை பேரிடம் பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7

கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டிக்கிடந்தது. ஊசித் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தேன். முழு நாளும் போயிற்று. போகட்டும் என்றுதான் செய்தேன்.

தேநீர் கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "மூணு நாளா மேலயே நோண்டிட்டு இருக்கீங்க. கீழ எப்ப பிரிப்பீங்க?" இருபத்தாறு வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவளிடம் எதை மறைக்க முடியும்? ஸ்பேனர் ஒன்று காணவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

மார்ச் 8

எழுதிவிடுகிறேன். இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

தம்பி போன அன்று காலையில், இந்த மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிரித்து, மோட்டாரைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தவன் நான். அந்தச் சக்கரம் தண்டோடு சேர்ந்து சுற்ற வேண்டுமானால் நடுவில் நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்று வைக்க வேண்டும். கீ என்போம். அது இல்லாவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். தண்ணீர் ஏறாது. மோட்டார் சூடேறி எங்கேயாவது நடு ஏரியில் நின்றுவிடும்.

கீயை வைத்தேனா? வைத்த ஞாபகமும் இல்லை. வைக்காத ஞாபகமும் இல்லை.

தொட்டித் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் என் பட்டறையிலிருந்து எந்த மோட்டாரும் வெளியே போகாது. அன்றைக்குத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். திரும்ப நிரப்பச் சோம்பல். தம்பிதானே என்று விட்டுவிட்டேன். போகும்போது மோட்டாரின் பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொள் என்று சொன்னேன். அவன் படகில் ஏறினால் பின்னால் திரும்பிப் பார்க்கிற ஆளா?

காற்று எழுந்தது. படகு தனியாகக் கரை ஒதுங்கியது. தவறி விழுந்திருந்த அவனை மறுநாள் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். படகு கவிழாததால் மோட்டாருக்குள் ஒரு சொட்டு ஏரித் தண்ணீர் போகவில்லை. தார்ப்பாயைச் சுற்றிக் கட்டியதும் நான்தான். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

மார்ச் 11

ஃப்ளைவீல் அசைந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

மேல் மூடியைத் திறந்தேன். சிலிண்டர் சுவரில் கீறல்கள். சூடேறித்தான் நின்றிருக்கிறது.

ஆனால் சூடேற ஆயிரம் காரணம் இருக்கலாம். தண்ணீர் இழுக்கிற வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலே போதும். இந்த ஏரியில் பைக்கா பஞ்சம்? ஒரு பிளாஸ்டிக் பைக்காக மூன்று வருடமாக வேண்டிக்கொண்டிருக்கிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்ச் 12

சிலிண்டரைத் தேய்த்துச் சரிசெய்தேன். பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டேன். கீழே தொடவில்லை.

மார்ச் 14

பிரித்தேன்.

தரையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பை விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்தேன். கழற்றும்போது எங்கேயோ விழுந்துவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே கதை விடக்கூடாது அல்லவா? நாலு போல்ட். மூடியைத் தூக்கினேன். ரப்பர் சக்கரம் ஓரம்கூடத் தேயாமல் அப்படியே இருந்தது. தண்டில் கீ உட்காரும் குழி காலி. விரிப்பை உதறிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டேன். உப்பு குறைச்சல் என்றுகூடச் சொன்னேன். அழுகை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

மார்ச் 15

பட்டறையைத் திறக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 17

புதுக் கீ வைத்துப் பூட்டினேன். தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். தம்பி மனைவியும் வந்திருந்தாள். ஐந்தாவது இழுப்பில் புகையைக் கக்கி, இருமி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீய்ச்சியது. அதில் கையை நீட்டினாள். நனைந்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து மூன்று வருடமாகிறது. "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் மாமா" என்றாள்.

சொல்லவில்லை. வாய்வரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வயிற்றிலேயே கிடந்தது.

மார்ச் 18

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "அவ இப்பதான் எழுந்து நிக்கிறா. உங்க மனசு லேசாகணும்னு அவ தலையில கல்லைத் தூக்கி வைக்காதீங்க" என்றாள்.

அவள் சொல்வதும் நியாயம். அதுதான் சங்கடமே. ஆனால் தம்பி மனைவி அந்த மோட்டாரை வைத்துத் தினமும் ஊரார் பிள்ளைகளை ஏற்றிப்போகப் போகிறாள். அவள் நம்புவது மோட்டாரை இல்லை, என் கையை. அது எப்படிப்பட்ட கை என்று அவளுக்குத் தெரியவேண்டாமா?

மார்ச் 20

சொல்லிவிட்டேன். அவள் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல். கீ வைக்க மறந்துட்டேன். ஓட்டிப் பாக்காம குடுத்துட்டேன். அதனாலதான் நின்னுபோச்சு. அவ்வளவுதான் சொன்னேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சரி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

மார்ச் 21

மோட்டார் ஸ்டாண்டிலேயே இருக்கிறது.

மார்ச் 24

இருக்கிறது.

மார்ச் 27

வந்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. "கீழ்ப்பக்கத்தைப் பிரிங்க" என்றாள். பிரித்தேன். அந்தக் கீ எது என்று கேட்டாள். எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என்னைத் தொடவிடவில்லை. அவளே கீயை வைத்தாள், அவளே சக்கரத்தை மாட்டினாள். மறுபடி கழற்றி மறுபடி வைத்தாள். மூன்று தடவை. தொட்டியில் அரைமணி நேரம் ஓட்டி, பீய்ச்சும் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

மார்ச் 31

நாளைக்கு ஆள் ஏற்றப்போகிறாள். இன்று வெள்ளோட்டம். துறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். போனேன். "ஏறுங்க" என்றாள்.

நடு ஏரிவரை அவளே ஓட்டினாள். அங்கே போனதும் மோட்டாரை அணைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. கரை எவ்வளவு தூரம் என்பது அங்கேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். துடுப்பு அவள் காலடியில் இருந்தது. அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"வாசல்ல நின்னு சொன்னீங்களே, அதை இப்ப சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

சொன்னேன். கவிழ்த்து வைத்த தொட்டி, என் சோம்பல், தம்பிதானே என்று விட்டது, தார்ப்பாயை நானே முந்திக்கொண்டு கட்டியது, பிரித்துப் பார்க்கப் பயந்துகொண்டே மூன்று வருடம் அவள் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னது, எல்லாம். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். அவளும் அழுதாள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. படகு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து எழுந்து கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பு.

கரையில் இறங்கியதும், "சாயங்காலம் பிளக்கை ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள். மாமா என்று கூப்பிடவில்லை. மோட்டாரை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.