உன் அப்பா அடிக்காத ஏழு ரன்கள்

அன்புள்ள மகனுக்கு,

நான் கிரிக்கெட் சங்கச் செயலாளரை மட்டையால் அடித்து விரட்டியதாக உன் சித்தி உனக்குச் சொன்னாளாம். அது பொய். மட்டை என் கையில் இருந்தது உண்மை, உன் அப்பாவின் பழைய மட்டை, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். செயலாளர் எழுந்து ஓடியதும் உண்மை, அதற்கு அவர் மனசாட்சி காரணம். மற்றபடி என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் மருமகளும் பேத்தியும் நலம் என்று நம்புகிறேன். போனில் நீ அவசரமாகச் சொல்லும் "நல்லாருக்கோம்மா"வை நான் கணக்கில் எடுப்பதில்லை.

நடந்தது இதுதான். மைதானத்துப் பெவிலியனில் சதம் அடித்தவர்களுக்குப் பெயர்ப் பலகை வைக்கிறார்கள். முதல் பெயர் உன் அப்பாவுடையது. கூடவே அச்சடிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் செயலாளர் கொண்டுவந்தார், "வீரத் திருமகன்" என்று ஆரம்பித்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன், கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிவிட்ட வியாதி. உன் அப்பா அணிக்கு வந்த வருடமே தலைவர் ஆனது ஆற்றலால் அல்ல, ஆட்டக்காரர்களை ஏற்றிப் போக இருந்த ஒரே பஸ் ராஜாவாக இருந்த உன் தாத்தாவுடையது. உன் அப்பா முதல் பருவம் முழுக்க காலில் பந்து பட்டு எல்.பி.டபிள்யூ அவுட் ஆகாததும் ஆற்றலால் அல்ல. எதிரணி கத்தினால் அம்பயர் விரலைத் தூக்க மாட்டார், உன் அப்பாவைப் பார்த்துக் கை கூப்புவார். இதையெல்லாம் திருத்திவிட்டு அந்தச் சதத்துக்கு வந்தேன்.

அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம். ஸ்கோர் எழுதியவர் அரண்மனைக் கணக்குப்பிள்ளை. மட்டையில் படாமல் காலில் பட்டு ஓடிய ரன் உதிரியில் சேரும், ஆட்டக்காரர் கணக்கில் சேராது என்று அவருக்கு யாரோ சொல்லித்தான் இருக்கிறார்கள். "ராஜா வீட்டுக் கால்ல பட்டா அது ராஜா வீட்டு ரன்தானய்யா" என்று சொல்லி உன் அப்பா கணக்கிலேயே எழுதிவிட்டார். நேர்மையான மனிதர், ஏழு இடத்திலும் பக்கத்தில் "கால்" என்று குறித்தும் வைத்திருக்கிறார். கல்யாணமான மாதமே அந்த ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் அடித்தது தொண்ணூற்று மூன்றுதான் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் காபியை வைத்துவிட்டு, "தெரியும். மட்டைல பட்டா கால் ஏன் வீங்கப் போகுது?" என்றார். பின்னே வாயைத் திறந்திருக்கலாமே என்றேன். "அதுக்குள்ள அப்பா ஊருக்கே லீவு விட்டுட்டார். விட்ட லீவைத் திரும்ப வாங்க முடியுமா?" என்றவர், அடுத்த ஆட்டத்திலிருந்து ஸ்கோர் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டார்.

பிறகு ராஜா பட்டம் போயிற்று, பஸ் போயிற்று, தலைவர் பதவியும் போயிற்று. அப்போதுதான் அவருக்கு நிஜமான பந்து வர ஆரம்பித்தது. லாரி மெக்கானிக் ஒருவன் போட்ட பந்து தோளில் பட்டு உன் அப்பா விழுந்தார். "ராஜாவுக்குப் பல்லக்கு கொண்டாங்கடா!" என்று அவன் கத்தினான், மைதானமே சிரித்தது, நானும்தான். உன் அப்பா எழுந்து, ஏறக்குறைய ஒற்றைக் கையால் ஆடினார். திரும்பி வந்ததும் எவ்வளவு என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். "அத்தனையும் என்னுதா?" என்றார். எல்லாம் உங்களுடையது என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே மூன்று தடவை கேட்டார். பதினோரு வருடம் ஆடிய மனிதர் வேறு எந்த ரன்னைப் பற்றியும் அப்படிக் கேட்டதில்லை.

இப்போது செயலாளர் சொல்கிறார், "ஏழு ரன்தானே ராணியம்மா, யார் பாக்கப் போறா?" நான் பார்த்தேனே! நாற்பத்தொன்றுக்குப் பலகை கிடையாதாம், தொண்ணூற்று மூன்றுக்கும் கிடையாதாம். உன் அப்பா இப்போது இல்லாததால், பெயரை எடுக்க வேண்டுமென்றால் மனைவியும் மகனும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், இருபதாம் தேதி பெயிண்டர் வந்துவிடுவார் என்கிறார். உன்னிடம் மறைப்பானேன், நேற்று முழங்காலை இழுத்துக்கொண்டு பெவிலியனுக்குப் போனேன். பலகையில் பென்சிலால் வரைந்து வைத்திருந்த உன் அப்பா பெயரைத் தடவிப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பெயரை விட்டுவிட்டால், நாற்பத்தொன்றும் உங்களுடையது என்று அன்று அவரிடம் நான் சொன்னதற்கு என்ன மதிப்பு?

உன் வீட்டுக் கூடத்தில் அந்தச் சதத்தின் பத்திரிகைத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய். பேத்தி பள்ளிக்கூடமெல்லாம் அதைச் சொல்லி வைத்திருக்கிறாள். உனக்குக் கஷ்டம்தான், தெரியும். என் கையெழுத்தைப் போட்டு ஒரு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், அதன் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள், உன் அப்பாவின் காது உனக்கு. தாளில் கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, இருபதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி உன் கைப்பட எழுதிப் பதில் அனுப்பு.

உன் அம்மா