பல்லக் கடிக்காத, பாண்டி

இன்று காலை ஒரு பெண்ணைத் தலையில் எண்ணெய் வழிய வழியக் கூட்டிக்கொண்டு வந்தாள் அவள் அம்மா. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். தலையை நன்றாக அலசிவிட்டு, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "தலைக்கு டெஸ்ட்டுன்னீக. கரண்டு பாஞ்சு சூடாயிரும்ல, அதான் குளுகுளுன்னு வச்சுவிட்டேன்" என்கிறாள். மூளையில் ஓடும் மின்சாரத்தைத்தான் நாங்கள் பதிந்து எடுக்கிறோம், உள்ளே எதையும் பாய்ச்சுவதில்லை என்று இந்த ஊருக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது. அதைப் பிடிக்கிற எலக்ட்ரோடு வில்லை எண்ணெய்த் தலையில் ஒட்டாது. அந்தப் பெண்ணைக் குழாயடியில் குனிய வைத்து ஷாம்பு போட்டு அலசினேன். தேங்காயெண்ணெயும் ஷாம்பும் என் கையில் காய்ந்திருந்த எலக்ட்ரோடு பேஸ்ட்டும் கலந்து ஒரு வாசனை வந்தது. உடனே நீ வந்துவிட்டாய். கூப்பிடாமலே வந்து நிற்பதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இந்தப் பேஸ்ட் வாசனையில்தான் நாம் சிநேகமானோம். கல்லூரிக் கடைசி வருடம் நம்மை ஓர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் சோழவந்தானிலிருந்து பாசஞ்சர் ரயிலில் விழுந்தடித்து வருவேன். நீ மதுரையிலேயே மகால் பக்கத்து வீட்டிலிருந்து ஆடி அசைந்து நடந்து வருவாய். ஒருத்தி தலையில் இன்னொருத்தி எலக்ட்ரோடு ஒட்டிப் பழக வேண்டும். கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால் பின்மண்டையிலிருந்து ஆல்ஃபா என்று ஒரு சீரான அலை வரும். முதல் நாளே உனக்கு அது அவ்வளவு அழகாக வந்தது. டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு, "புத்தகத்துல இருக்குற மாதிரியே இருக்கு, பாருங்க" என்றார். அடுத்து நான் படுத்தேன். திரை முழுக்கக் கிறுக்கல். தாடை இறுகினால் நெற்றிப்பொட்டுத் தசை துடிக்கும், அந்தத் துடிப்பு மூளை அலையை மூடிவிடும். நீ என் காதருகே குனிந்து, "பல்லக் கடிக்காத, பாண்டி" என்றாய்.

எதற்குக் கடித்தேன் என்று உனக்கு அப்போதே தெரியும். தோழியின் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், முடியைப் பார்த்து, சேலையைப் பார்த்துப் படுவார்கள். மூளை அலையைப் பார்த்து வயிறெரிந்தவள் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உன் முடியைப் பார்த்தும் எரிந்தது, அது வேறு கணக்கு.

வெளிநாட்டுப் படிப்புக்கு இருவரும் எழுதினோம். உனக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நான் காளவாசலில் இந்தக் கிளினிக்கில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். நீ மனத்தைப் புரட்டிப்போடும் மருந்துகளை ஆராயப் போனாய். ஒருவகைக் காளானில் இருக்கும் பொருளை, டாக்டர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்களுக்குக் கொடுத்து, அப்போது அவர்கள் மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பது உன் வேலை. கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர், "காளானுக்கு எதுக்கு ஃபாரின் போகணும்? அது மொளைக்குற கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுனா ஆகாதா?" என்றார். அது அப்படியொன்றும் பெரிய ஜோக் இல்லை. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு பத்திரிகையில் உன் படம் வந்தது. என் மாமியார் அதை வெட்டி, "நம்ம பாண்டியோட சிநேகிதி" என்று பெருமையாக எங்கள் ஃப்ரிட்ஜிலேயே ஒட்டிவிட்டார். தோசை மாவு எடுக்கப் போகும்போதெல்லாம் உன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது.

லீவில் வந்தால் காளவாசல் பேக்கரியில் உட்காருவோம். பஸ் ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்திச் சொல்வாய். "மருந்து ஏறுனதும் அந்த ஆல்ஃபா அப்படியே அடங்கிப்போகுது பாண்டி. அம்புட்டுச் சீரா வந்தது இருந்த எடம் தெரியாமப் போயிருது. சில பேரு, 'நான்'ங்குறதே கரைஞ்சு போச்சுங்குறாங்க. நான் எங்க முடியிறேன், சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலங்குறாங்க."

நான் பப்ஸைப் பிய்த்துக்கொண்டே, "அப்ப பொறாமை?" என்று கேட்டேன்.

"அதுவும் போகும் போலத்தான் சொல்றாங்க. கொஞ்ச நேரத்துக்கு. ஏன், உனக்கு ஒரு டோஸ் அனுப்பவா?"

"நீ சாப்பிட்டுப் பாத்தியா?"

"கூடாதுடி. நடத்துற ஆளு நாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய உக்காந்து பாக்குறதோட சரி."

சரி, அந்த மட்டில் நீயும் என்னைப்போலத்தான் என்று அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை சந்தோஷமாக இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவையாவது நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அதற்காகவே உன்னை வீட்டுக்கு அழைத்தேன். பிள்ளைகளைக் காட்டினேன், மாடியில் புதிதாகக் கட்டிய அறையைக் காட்டினேன், சோழவந்தானுக்குக் கூட்டிப்போய் அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலைக்கூடக் காட்டினேன். "சூப்பரா இருக்கு பாண்டி. உனக்கு எல்லாம் நல்லா அமைஞ்சிருச்சு" என்று மனசாரச் சொன்னாய். பொய்யாகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உனக்குக் கணையத்தில் புற்று வந்தது. பார்த்தபோதே முற்றியிருந்தது. ஊசி மேல் ஊசி போட்டு இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று நீயே முடிவெடுத்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாய். உங்கள் வீட்டில் நீயும் அம்மாவும் உங்கள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்ளும்போது பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் எனக்கு இடமில்லையே என்று எரிந்தது. படுக்கையில் கிடப்பவள் மேலா என்று கேட்காதே. எனக்கு அதற்கெல்லாம் நேரம் காலம் கிடையாது.

வலிக்கு மார்ஃபின் கொடுக்க ஆரம்பித்த வாரம் நீயே போன் பண்ணினாய். "பாண்டி, மெஷினத் தூக்கிட்டு வா. எத்தனையோ பேருக்கு மருந்தக் குடுத்துட்டு வெளிய உக்காந்து பாத்துட்டேன். இப்பத்தான் நான் உள்ள இருக்கேன். சும்மா விடக்கூடாது." எங்கள் டாக்டரிடம் கேட்டு, தூக்கிப் போகிற சின்ன மெஷினை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் உன் தலையில் எண்ணெய். மூளையைப் பற்றி உலகத்துக்கே சொன்னவளின் அம்மா, "தலை எரியுதுன்னா பாண்டி, அதான் லேசா ஒரு கை வச்சுவிட்டேன்" என்று என் முன்னால் நின்றார். நீ ஒன்றும் தெரியாதவளைப்போல, "அம்மா கை பட்டா நல்லாருக்கு பாண்டி, தடுக்கத் தோணல" என்றாய்.

கட்டில் ஓரத்துக்கு உன் தலையை இழுத்து, கீழே வாளியை வைத்து, நான்தான் அலசினேன். அந்த முடி அப்படியே இருந்தது. உடம்பில் எல்லாம் வற்றியும் அது மட்டும் இரண்டு கையிலும் அடங்கவில்லை. என் தலையில் அதில் பாதிகூட இல்லை. நுரையோடு நுரையாக அழுதேன், கோபமாகவும் இருந்தது.

எலக்ட்ரோடு ஒட்டி, கண்ணை மூடச் சொன்னேன். திரையில் உன் ஆல்ஃபாவைத் தேடினேன். இல்லை. அலைகள் அகன்று, மெதுவாக, சேற்றில் காலை இழுத்து நடக்கிற மாதிரி வந்தன. எத்தனையோ வருடம் நான் ஆசைப்பட்டது அதுதான். உன் அலை என் அலையைவிட மோசமாக வரும் நாள் வந்துவிட்டது. எனக்குத் துளிகூடச் சந்தோஷமில்லை. யாரோ என் பொருளைக் களவாண்டு போனது போல ஆத்திரமாக வந்தது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாய். "எப்படி இருக்கு? பழைய மாதிரி வருதா?"

பதிவு எப்படி வருகிறது என்று படுத்திருப்பவரிடம் டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது. டாக்டர் சொல்வார் என்பதோடு நிறுத்த வேண்டும். நான் சொன்னேன், "அப்படியேதான் இருக்குடி. புத்தகத்துல இருக்குற மாதிரி."

உன் உதடு மட்டும் சிரித்தது. "பல்லக் கடிச்சுக்கிட்டே பொய் சொல்லாத பாண்டி. சத்தம் கேக்குது."

கழன்று நின்ற ஓர் எலக்ட்ரோடை மறுபடி அழுத்தி ஒட்டினேன்.

"பரவால்ல," என்றாய். "இன்னொருக்கச் சொல்லு."

இன்னொரு முறை சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாய். அந்த வாரமே போய்விட்டாய். கடைசிவரை என்னைப் பார்த்துப் பொறாமைப்படவே இல்லை.

இன்று அந்தக் கொட்டாம்பட்டிப் பெண்ணின் தலையைத் துவட்டி, எலக்ட்ரோடு ஒட்டி, கண்ணை மூடச் சொன்னேன். வந்தது பார், ஓர் ஆல்ஃபா. உன்னுடையதேதான். அந்தப் பெண், "நல்லா இருக்கா மேடம்?" என்று கேட்டது. "டாக்டர் சொல்வாரும்மா" என்றேன். அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், பல்லு வலியா? இம்புட்டு இறுக்கிக் கடிக்கிறீக."

"ஆமா. ரொம்ப நாளா இருக்கு."

"வச்சுக்கிட்டு இருக்காதீக. போய்ப் புடுங்கிட்டு வந்துருங்க, நிம்மதியா இருக்கலாம்."

சரி என்று தலையாட்டினேன். பிடுங்க மாட்டேனடி. அதுவும் போனால் உன்னில் எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது?