செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுவேன்

இந்தா,

பேத்தியைப் பார்க்க மெக்சிகோ போன இடத்தில் நீ நன்றாகத்தான் பாடம் படித்திருக்கிறாய். நேற்று போனில் என்ன கேள்வி கேட்டாய்!

"மாப்ள நம்ம பொண்ண 'கோர்தா'ன்றாரு. குண்டச்சின்னு அர்த்தமாம், ஆம்பளைன்னா கோர்தோவாம். அவ சிரிக்கிறா. 'மி வீதா'ன்னும் கூப்புட்றாரு, என் உயிரேன்னு அர்த்தமாம். முப்பது வருஷமா 'இந்தா'ன்றத வுட்டா நீங்க என்னை இன்னான்னு கூப்டீங்க?"

ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கேட்டால் நான் என்ன சொல்வேன்? தமிழில் சொன்னால் மகள் சிரிப்பாள். ஸ்பானிஷில் சொன்னால் அந்த ஊர்க்கார மாப்பிள்ளை சிரிப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை நம் கடலைக்கொல்லையில் நின்று, "மி வீதா!" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த தேவேந்திரன் நிமிர்ந்தான்.

"இன்னா மாமா, புது பூச்சி மருந்தா?"

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! செஞ்சியில் ஒருவருக்கும் இது புரியாது.

நீ பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, அத்தனை கூட்டத்துக்கு நடுவே தொண்டை கிழியக் கூப்பிடுவேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டும். நீ மட்டும் வெட்கப்படு.

சீக்கிரம் வா.

நீ இல்லாமல் இளைத்துப்போன
உன் கோர்தோ