சேர் என்ன சொன்னார்

14 செப்டெம்பர், சனி

நஸீர் மௌத்தாகிவிட்டான். மன்னாரிலிருந்து ஒரே வள்ளத்தில் வந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூட நாளில் ஓட்டத்தில் அவன் என்னை ஒருதடவைகூட முந்தியதில்லை. நான் உப்பளத்தில் கங்காணியானேன், அவன் விளையாட்டு ஆசிரியரானான். காலையில் உப்பள வரம்பில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வருவான். நான் ஒதுங்கி வழி விடுவேன். அந்தக் கூட்டத்தில் என் மகள் பர்ஹானாவும் இருப்பாள். வீட்டில் சோறு தின்னும்போதும் ‘நஸீர் சேர் சொன்னார்’ என்ற கதைதான்.

இன்று மாகாணப் போட்டியிலிருந்து அழைத்தாள். “வாப்பா, நான்தான் முதலாவது. ஆஸ்பத்திரிக்குப் போய் சேர்ட்ட சொல்லுங்க.”

போனேன். கட்டிலில் கிடந்த நஸீர் கண்ணாலேயே கேட்டான்.

“கடைசியாத்தான் வந்தாள்,” என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை. படியேறும்போதே முடிவு செய்திருந்தேன்.

என் கையைப் பிடித்தான். “பிள்ளைய ஏசாத மச்சான். பழக்கினது நான். பிழை என்ட.”

அஸர் தொழுகைக்கு முன் உயிர் போய்விட்டது.

பர்ஹானா பதக்கத்தோடு வந்து நின்றாள். “சேர் கேட்டு என்ன சொன்னார் வாப்பா?”

“சிரிச்சார்,” என்றேன்.

என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிப்பிடித்தது இன்றுதான். அவள் முதுகில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.