சுவரோர நாற்காலி

பெர்லாக், மெய்ன்
மார்ச் 17, 2019

பப்பா ரெயாலுக்கு,

கபேயா வணக்கத்துடன் எழுதுவது. பக்கத்து வீடுதான். நேரில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று கதவடியில் கடிதமாகப் போடுகிறேன்.

நேற்று ஊர்க்கூட்டத்தில், பனி தள்ளும் வண்டியை எங்கள் சந்துக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்க எழுந்தேன். ஓட்டில்லாதவன் பேசுவதென்றால் ஊரார் கைதூக்கிச் சம்மதிக்க வேண்டுமாம். சுத்தியலோடு மேடையில் நின்று "யாருக்குச் சம்மதம்?" என்று கேட்டதே நீங்கள்தான். உங்கள் கையை மட்டுமே பார்த்தேன். அது அசையவில்லை. மற்ற கைகளும் போதவில்லை. நான் சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"நம்ம வீட்டு ஃபூஃபூக் களிய உருட்டித் தின்ன கைதானே, அதுக்கென்ன சுளுக்கா?" என்கிறாள் என் மனைவி முஜிங்கா. முதியோர் இல்லத்து வேலைக்கு அவள்தான் முழங்கால் பனியில் சாலைவரை நடக்கிறாள். நீங்கள் அவரைக்கொட்டை சமைத்துக் கொண்டுவந்து தந்த பானையையும் திருப்பித் தரச் சொல்கிறாள்.

கபேயா

மார்ச் 18, 2019

கபேயா தம்பிக்கு,

கூட்டம் நடத்துகிறவன் கை தூக்குவதில்லை, இங்கே அதுதான் முறை. என் சொந்தத் தம்பி ஒரு தீர்மானம் கொண்டுவந்தபோதும் தூக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டவன் இன்றுவரை பேசுவதில்லை. கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த என் அப்பாவும் அந்தச் சுவரோரம்தான் பல வருடம் உட்கார்ந்திருந்தார்.

சந்துப் பனியை இனி என் டிராக்டர் தள்ளும். பானை உன்னிடமே இருக்கட்டும். வெறும் பானையை நான் வாங்க மாட்டேன்.

ரெயால்

ஃபுளோரிடா
பிப்ரவரி 20, 2022

கபேயா தம்பிக்கு,

மகள் வீட்டில் சௌக்கியம். உனக்குக் குடியுரிமை கிடைத்ததில் மனதார மகிழ்ச்சி.

ஊருக்குப் புதுப் பனிவண்டி வாங்கும் தீர்மானம் உன்னுடையது என்று தெரிந்தது. நான் போனபிறகு சந்தில் பனி தள்ள ஆளில்லை, அதுவும் தெரியும். ஆனால் வரி ஏறும். விலைபோகாமல் கிடக்கும் என் வீட்டுக்கும் ஏறும். மார்ச்சில் வந்து எதிர்த்துப் பேசப்போகிறேன். உன்னிடம் முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை. ஊரைவிட்டுப் போனவனுக்கு ஓட்டில்லை, இனி எனக்கும் சுவரோரம்தான்.

ரெயால்

பெர்லாக்
டிசம்பர் 4, 2022

பப்பா ரெயாலுக்கு,

மார்ச்சில் சாப்பிடக்கூட வராமல் கிளம்பிவிட்டீர்கள். அதற்குப்பின் ஒரு வரியும் இல்லை. ஒன்பது மாதமாக அது என்னை உறுத்துகிறது.

நீங்கள் எழுந்தபோது, "ஊரே இவரக் கேட்டுத்தான் வாயத் தொறந்துச்சு, இப்ப இவரு நம்மளக் கேக்குறாரு" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். நீங்கள் பேசலாம் என்று முதலில் உயர்ந்தது என் கை. நன்றாகவே பேசினீர்கள். வரி பற்றிச் சொன்னதும் உண்மை. பிறகு நீங்கள் பார்க்கும்படியே உங்களுக்கு எதிராகவும் தூக்கினேன். முஜிங்கா நடக்கிற சந்து அது, வேறு வழியில்லை.

இன்று முதல் பனி. புது வண்டி சந்துக்குள் வந்து, பூட்டிய உங்கள் வீட்டு முன்னும் தள்ளிவிட்டுப் போனது. பானையை அனுப்பட்டுமா?

கபேயா

ஃபுளோரிடா
டிசம்பர் 12, 2022

கபேயா,

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இரண்டாவது கைக்காக அல்ல. முதல் கையைத் தூக்குமுன் நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்று நீ பேச எழுந்தபோது நான் அந்த மேடையில் மரம்போல நின்றது அப்போதுதான் உறைத்தது.

பானையை அனுப்பாதே. ஏப்ரலில் வருகிறேன், முஜிங்காவிடம் அதில் அவரைக்கொட்டை ஊறவைக்கச் சொல்.

ரெயால்