தள்ளிப் படித்த பக்கங்கள்

என்னங்க, சாமி புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நேற்று நான் சமைக்கும் வீட்டில் வீட்டுக்காரம்மா, அவர் மகள், அவளுடைய தோழிகள் இருவர், காபித் தட்டோடு நான். ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு. மேல்தட்டுப் பெண்ணும் கீழ்த்தட்டுப் பையனும் சேரக் கூடாதென்று சட்டம் போட்ட ஊரின் கதை. நானும் படித்ததால் கருத்துக் கேட்டார்கள்.

"அந்தப் பொண்ணைப் பெத்தவ தடுத்தது நியாயம்தானே?" என்றேன்.

"காதல் பக்கமெல்லாம் படிச்சீங்களா ஆன்ட்டி?" என்றாள் மகள்.

"சாமி கும்பிட்ட கையோட அதைப் படிப்பேனா? தள்ளிட்டேன்."

"அப்ப நீங்க படிச்சது வெறும் அட்டைதான்!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

பாத்திரம் கழுவும்போது நம் மகள் நினைவு வந்தது. லாரி டிரைவர் மகனைப் பற்றி அவள் பேச்செடுத்தபோதெல்லாம் அப்படித்தானே தள்ளினேன்? பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போது வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அவள் கையெழுத்தில் இரண்டு வரியாவது சேர்த்து, சீக்கிரம் பதில் போடுங்கள்.