ஆறு மாதமாக ஒன்றும் ஆகவில்லை

மார்ச் 3
அட்டை வெட்டும் மெஷினில் காப்புக் கதவை மூடினால்தான் கத்தி இறங்கும். ஒவ்வொரு தடவையும் திறந்து மூட நேரம் பிடிக்கிறது என்று, கதவின் சுவிட்சை நான்தான் டேப் ஒட்டி அமுக்கிவைத்தேன். இப்போது திறந்தபடியே ஓடுகிறது. இன்று எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, “சார், இது ஆபத்து” என்றார்.
“ஆறு மாசமா ஒண்ணும் ஆகலையே?” என்றேன்.
அதோடு தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சூப்பர்வைசர்.

மார்ச் 4
மூவாயிரம் அட்டை. இதுவரை இல்லாத அளவு.

மார்ச் 11
வலது கை. நான்கு விரல். அந்த மெஷினில் நிற்கிற பெண் – எல்லாருக்கும் அவள் ‘அக்கா’, என்னைவிடச் சின்னவள். கத்தக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.
ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.
யாரும் கவனிக்கும் முன் டேப்பைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். கை தானாகப் போனது. தானாகவா?

மார்ச் 13
மேனேஜர் அறிக்கை கேட்கிறார். “கவனமில்லாதவங்களுக்கு அடிபடும். அந்தம்மாவுக்கு அடிபட்டிருக்கு. அப்ப கவனமில்லைன்னுதானே அர்த்தம்? எழுதிக் குடுங்க.”
கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருந்தால் மழைதானா? குழாய் உடைந்திருக்கலாமே. இங்கே உடைத்தவனே நான்.
என் ஆறு மாதக் கதையும் இதே லட்சணம்தான். ஆபத்து இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டதால் ஆகவில்லை.

மார்ச் 14
லீவு. “அவங்க சொல்றபடி எழுதிட்டு வேலையப் பாருங்க” என்கிறாள் மனைவி.

மார்ச் 16
எழுதிவிட்டேன். ஒட்டியது நான், எச்சரித்தவர் எலக்ட்ரீஷியன், கிழித்து மறைத்ததும் நான். ஒரு நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு.
“பைத்தியமா உங்களுக்கு?” என்றார் மேனேஜர்.

ஏப்ரல் 9
வேலை போய்ப் பத்து நாள். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வந்திருந்தவளைப் போய்ப் பார்த்தேன். அவள்மேல் தப்பில்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டாராம். நஷ்ட ஈடு வரும். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“நீங்க டேப் ஒட்டினப்ப நானும் பக்கத்துலதான் சார் நின்னேன். அப்பவே பயமாத்தான் இருந்துச்சு. ஆனா, சார் யோசிக்காம எதுவும் செய்யமாட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்.”
பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மூடியைத் திறந்து கொடுத்தேன்.